கடைசி நாளை முன்பே சொல்லிவிடுங்கள்: தீம் பார்க் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தீம் பார்க் நடத்தும் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

எந்த ரைடையும் மூடாதீர்கள் என்று கெஞ்சுவதற்காக இதை எழுதவில்லை. அப்படிப்பட்ட மடல்கள் உங்களுக்கு ஏற்கெனவே மூட்டை மூட்டையாக வந்திருக்கும். இரும்பில் விரிசல் விழும், மரம் உளுத்துப்போகும், உதிரி பாகம் கிடைக்காது. திருகு போலச் சுழலும் கார்க்ஸ்க்ரூ ரோலர் கோஸ்டர்களை ஊர் ஊராக விற்ற ஆரோ டைனமிக்ஸ் கம்பெனியே 2001-இல் திவாலாகிவிட்டது. அது செய்த வண்டிகளைக் காலத்துக்கும் ஓட்டிக்கொண்டே இருங்கள் என்று எந்த முகத்தோடு உங்களிடம் கேட்பது? மூடத்தான் வேண்டியிருக்கும். எப்படி மூடுகிறீர்கள் என்பதில்தான் எங்களுக்கு மனக்குறை.

நியூ ஜெர்சியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வெஞ்சர் பூங்காவில் கிங்டா கா என்று ஒரு ரோலர் கோஸ்டர் இருந்தது. 2005-இல் திறந்தார்கள். 139 மீட்டர் உயரம். அதைவிட உயரமான ரோலர் கோஸ்டர் அது ஓடிய காலம் முழுக்க உலகில் எங்கும் ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்து மூன்றரை விநாடியில் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகம் எடுக்கும். 2024 நவம்பர் 10-ஆம் தேதி அது கடைசியாக ஓடியது. நிரந்தரமாக மூடிவிட்டோம் என்ற அறிவிப்பு வந்தது நவம்பர் 14-ஆம் தேதி. அதாவது, கடைசி நாளில் ஏறியவர்களுக்கு அது கடைசி நாள் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2025 பிப்ரவரி 28 அன்று வெடிவைத்துக் கோபுரத்தைச் சாய்த்தார்கள். சாய்ந்த காட்சியை உலகமே வீடியோவில் பார்த்தது.

முன்கூட்டியே சொல்லாததற்கு உங்களிடம் காரணங்கள் இருக்கும். கூட்டம் தாங்காது, வயதான இயந்திரம் கடைசி வாரத்தில் மக்கர் செய்து நின்றுவிட்டால் ஏமாற்றம் இன்னும் பெரிது, போராட்டம் என்று யாராவது கிளம்புவார்கள். கடைசிக் காரணம் கற்பனை இல்லை. ஃபுளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் மிஸ்டர் டோட் என்ற கதைத் தேரையின் ரைடை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு 1997-இல் கிளம்பியதுமே ரசிகர்கள் பூங்காவுக்குள்ளேயே கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1998 செப்டம்பர் 7 அன்று ரைடு மூடத்தான் பட்டது. ஆனால் கூடியவர்கள் எதையும் உடைக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, வரிசையில் நின்று ஏறி, வருத்தப்பட்டார்கள். பூங்காவுக்கு இதைவிட நல்ல எதிரிகள் கிடைப்பார்களா என்ன?

சொல்லிவிட்டு மூடியவர்களும் இருக்கிறார்கள். ஃபுளோரிடாவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் 1990 முதல் இருந்த, ஜாஸ் என்ற சுறாப் படத்தை வைத்து அமைத்த படகுச் சவாரிக்கு ஒரு மாதம் முன்னதாகவே அறிவிப்பு வந்தது. 2012 ஜனவரி 2 கடைசி நாள். கடைசியாக ஒருமுறை சுறாவிடம் மாட்டிக்கொள்ள மக்கள் திரண்டு வந்தார்கள். இரண்டு வருடம் கழித்து அந்த இடத்தில் ஹாரி பாட்டர் உலகத்தின் டயகன் ஆலி திறந்தபோது கோபத்தில் யாரும் வராமல் இருக்கவில்லை. விடைபெற வாய்ப்புக் கிடைத்தவன் புதியதை வரவேற்கத் தயாராகத்தான் இருக்கிறான்.

மௌனத்தைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அது ‘தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்ற பலகை. மேஜிக் கிங்டம் திறந்த 1971-ஆம் ஆண்டிலேயே அங்கே ஒரு நீர்மூழ்கிச் சவாரியும் ஓடத் தொடங்கியது. ‘20,000 லீக்ஸ் அண்டர் த ஸீ’ என்று பெயர். 12 நீர்மூழ்கிகள். 1994 செப்டம்பர் 5 அன்று பராமரிப்புக்காக என்று சொல்லி நிறுத்தினார்கள். இனி திறக்காது என்று ஒப்புக்கொள்ள 1996 ஆனது. அதுவரை அந்த ஏரி அங்கேயேதான் கிடந்தது, திரும்பி வரும் என்று நம்பிக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். பிறகு இரண்டு நீர்மூழ்கிகளை பஹாமாஸில் டிஸ்னி கப்பல்கள் நிற்கும் காஸ்டவே கே தீவருகே கடலில் இறக்கினார்கள். மூச்சுக்குழாயோடு நீந்துகிறவர்கள் பார்த்து ரசிக்க. நீர்மூழ்கிக்கு இது மரியாதையா கேலியா என்று எனக்கு இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் பீப்பிள்மூவர் என்ற, உயரப் பாதையில் மெதுவாகப் போகும் வண்டி 1995-இல் நின்றது. அதே பாதையில் 1998-இல் ராக்கெட் ராட்ஸ் என்ற வேக வண்டியை விட்டுப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் அதுவும் நின்றது. பாதை மட்டும் எதற்கும் பயன்படாமல் இன்றும் தலைக்கு மேலே போகிறது. அதன் அடியில் நடக்கிற குழந்தைகள் மேலே என்ன ஓடும் என்று கேட்டால் பெற்றவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வேகமான ரைடுகளைவிட, இருட்டுக்குள் மெதுவாக நகர்ந்து கதை சொல்லும் ரைடுகள்தான் உயிர். ஒரு ரோலர் கோஸ்டர் போனால் அதே மாதிரி வளைவை இன்னொரு இடத்தில் இன்னொரு நாள் தேடிக்கொள்ளலாம். இந்த இருட்டு ரைடுகள் அப்படியில்லை. ஒவ்வொன்றும் ஒரே ஓர் இடத்துக்காக, ஒரே ஒருமுறை செய்யப்பட்டது. ஃபுளோரிடாவில் டிஸ்னியின் இன்னொரு பூங்காவான எப்காட்டில் 1983 அக்டோபர் 1 அன்று திறந்த ஹொரைசன்ஸ் அப்படிப்பட்டது. நான்கு பேர் உட்காரும் பெட்டி, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே எதிர்கால வீடுகளைக் காட்டும். பாலைவனத்தில் பழத்தோட்டம், கடலுக்கடியில் ஊர், விண்வெளியில் குடியிருப்பு. தோட்டத்தைக் கடக்கும்போது ஆரஞ்சுப் பழ வாசனை வரும். முடிவில் எந்த வழியாகத் திரும்புவது என்று பெட்டியில் இருப்பவர்களே பொத்தானை அழுத்தித் தீர்மானிக்கலாம். 80-களில் இது எவ்வளவு பெரிய விஷயம்!

இதற்குப் பணம் கொடுத்து வந்த ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 1993-இல் விலகிக்கொண்டது. 1994 கடைசியில் ரைடு நின்றது. மறுவருடம் பக்கத்திலிருந்த வேறு ரைடுகளைப் பழுதுபார்க்க மூட வேண்டியிருந்ததால், ஆள் பற்றாக்குறைக்கு வேலைக்குக் கூப்பிட்ட மாதிரி இதை மறுபடி ஓட்டினார்கள். கடைசியில் 1999 ஜனவரி 9 அன்று ஒரேயடியாக மூடி, கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். 2003-இல் அதே இடத்தில் மிஷன் ஸ்பேஸ் வந்தது.

இன்று ஹொரைசன்ஸின் உள்பகுதி எப்படி இருந்தது என்று நுணுக்கமாகத் தெரிகிறதென்றால், அதற்கு முக்கியமான காரணம் விதியை மீறிய ரசிகர்கள். 90-களில் இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்த பெட்டியிலிருந்து இறங்கி, காட்சி அரங்குகளுக்குள் நடந்து, மூலை முடுக்கெல்லாம் படம் எடுத்தார்கள். ஆபத்தான வேலை, யாரும் செய்யக்கூடாத வேலை. ஆனால் அவர்கள் எடுத்த படங்கள் இல்லாவிட்டால் நமக்குக் கிடைத்திருப்பது பெட்டியிலிருந்து கைநடுங்க எடுத்த மங்கல் வீடியோக்கள்தான். அப்புறம் வந்த இளைஞர்கள் அவற்றையெல்லாம் சேர்த்துக் கம்ப்யூட்டரில் அந்த ரைடைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏறியே பார்க்காத வயதுக்காரர்களும் அவர்களில் உண்டு.

இது உங்கள் வேலை இல்லையா? வரைபடம் உங்களிடம் இருக்கிறது. ஒலிப்பதிவின் மூலப் பிரதி, எந்த விளக்கு எப்போது எரியும் என்ற கணக்கு, பொம்மையின் கை எந்த நொடியில் உயரும் என்ற நிரல் எல்லாம் உங்கள் அலமாரியில்தான் இருக்கின்றன. மூடிய மறுநாள் பூங்காவில் ஆள் இருக்காது. விளக்கைப் போட்டு ஒருமுறை, அணைத்து ஒருமுறை, பெட்டியின் வேகத்திலேயே ஒருமுறை என்று முழுசாகப் படம்பிடிக்க ஒரு வாரம் போதும். ஆரஞ்சு வாசனையைப் படம்பிடிக்க முடியாதுதான், ஆனால் எந்தக் கம்பெனியின் எந்த எசன்ஸ் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைக்கலாமே.

ஏக்கம் எப்போதும் நியாயமானது என்று நான் சொல்லவில்லை. 1989-இல் டிஸ்னிலேண்டிலும் 1992-இல் ஃபுளோரிடாவிலும் திறந்த ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற தண்ணீர்ச் சவாரியை 2023-இல் மூடினார்கள். அதன் கதையும் பாட்டும் 1946-ஆம் ஆண்டு டிஸ்னி படம் ஒன்றிலிருந்து எடுத்தவை. கறுப்பின மக்களைக் காட்டிய விதத்துக்காகக் கண்டனம் வாங்கிய படம் அது. அமெரிக்காவில் அதை வீடியோவாகக்கூட வெளியிட்டதில்லை. அந்தக் கதையை ரைடிலிருந்து கழற்றியது சரி என்பதே என் கட்சி. தண்ணீர்ப் பாதையும் கடைசிப் பள்ளமும் அப்படியே இருக்க, 2024-இல் இன்னொரு டிஸ்னி படத்தின் நாயகி டியானாவின் கதையோடு அந்த ரைடைத் திரும்பத் திறந்தார்கள். ஃபுளோரிடாவில் மூடிய சூட்டோடு அந்த ரைடின் தண்ணீர் என்று பாட்டிலில் அடைத்து இணையத்தில் சிலர் விற்றதும் நடந்தது. எங்கள் கூட்டத்தில் இப்படியும் ஆட்கள் உண்டு என்பதை மறைக்கவில்லை.

ஒரு ரைடை எடுத்துவிட்டு அதன் நினைவாக எதையாவது விட்டுவைப்பது உங்களுக்குக் கைவந்த கலை. டோட் இருந்த இடத்தில் வந்த வின்னி த பூ என்ற கதைக் கரடியின் ரைடுக்குள், டோட் தன் வீட்டுப் பத்திரத்தை ஆந்தையிடம் கொடுப்பது போல ஒரு படம் மாட்டியிருக்கிறது. கலிஃபோர்னியாவின் பூ ரைடில், முன்பு அங்கே இருந்த கரடிகளின் இசைக்கச்சேரி அரங்கின் மூன்று தலைகள் சுவரில் இருக்கின்றன. திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். யுனிவர்சலில் கிங் காங் ரைடு போய் மம்மி ரைடு வந்தபோது புதையல் அறையில் காங்குக்கு ஒரு தங்கச் சிலை வைத்தார்கள். இவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதில் தனி சுகம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் ஒரு படத்தை மாட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

முடிந்தால் விற்றுவிடுங்கள், பழைய இரும்புக்கு இல்லை, ஓட்டுகிறவருக்கு. கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவில் 1975-இல் மனிதர்களைத் தலைகீழாகச் சுழற்றிய கார்க்ஸ்க்ரூ 1990-இல் ஐடஹோ மாநிலத்தின் சில்வர்வுட் பூங்காவுக்குப் போய் அங்கே ஓடியது. எல் டொராடோ குதிரை ராட்டினத்தின் கதை இதைவிடப் பெரிது. 1907-இல் ஜெர்மனியில் செய்தது. 1911-இல் நியூயார்க்கின் கோனி தீவுக்கு வந்தது. அங்கே இருந்த ஸ்டீபிள்சேஸ் பூங்கா 1964-இல் மூடியதும் கப்பலேறி டோக்கியோவின் தோஷிமாயென் பூங்காவுக்குப் போய் 1971-இல் மறுபடி சுற்றத் தொடங்கியது. 2020 ஆகஸ்ட் 31 அன்று அந்தப் பூங்காவும் மூடியது. ராட்டினத்தைப் பிரித்துக் கிடங்கில் பத்திரப்படுத்தினார்கள். இரண்டு உலகப்போர்களைத் தாண்டிய மரக்குதிரைகள் அவை.

பழசை மதிப்பதில் உங்களுக்கு நஷ்டம் என்றும் தோன்றவில்லை. எப்காட்டின் கற்பனைப் பயண ரைடிலிருந்து ஃபிக்மெண்ட் என்ற ஊதா நிற டிராகனை 1999-இல் ஏறக்குறைய ஓரங்கட்டினார்கள். புகார் ஓயாததால் 2002-இல் அதையே நாயகனாக்கித் திரும்பக் கொண்டுவந்தார்கள். நாட்ஸில் 1986-இல் போன கரடிக் கதை ரைடு 2021-இல் குறிபார்த்துச் சுடும் விளையாட்டாக மாறி வந்தது. அப்படியே பழையது இல்லை, ஆனாலும் சந்தோஷம். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் செய்ததுதான் எல்லாவற்றிலும் நேர்மையானது என்பேன். 1994-இல் திறந்த நெமசிஸ் ரோலர் கோஸ்டரின் தண்டவாளம் பழசாகிவிட்டது என்று சொல்லி, 2022 நவம்பரில் நிறுத்தி, அதே வளைவுகளோடு புதுத் தண்டவாளம் போட்டு, 2024 மார்ச்சில் திறந்தார்கள். ஏன் நிற்கிறது, எப்போது வரும், வரும்போது என்ன மாறியிருக்கும் எல்லாம் தெரிந்திருந்ததால் காத்திருப்பதில் கஷ்டமே இல்லை.

இன்னொன்று. கடைசி நாளில் கடைசிப் பெட்டியை அந்த ரைடை வருடக்கணக்காக ஓட்டியவர்களுக்கும், இரவெல்லாம் கிரீஸ் தடவியவர்களுக்கும் விட்டுவிடுங்கள். ரசிகர்கள் ஒரு சுற்று முன்னால் இறங்கிக்கொள்வார்கள்.

அடுத்த சீசனில் எது நிற்கப்போகிறது என்று உங்கள் அலுவலகத்தில் இப்போதே முடிவாகியிருக்கும். அந்த ரைடின் வாசலில் தேதியை எழுதி வையுங்கள். கூட்டம் தாங்காது என்றால் நேரம் ஒதுக்கி டோக்கன் கொடுங்கள். இடையில் வண்டி நின்றுபோனால், பழுது பார்க்கும்வரை நின்றுகொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாடிக்கையாளர்