லிம்பில் பென்சிலால் எண் எழுதிய தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். கொட்டகையில் என்ன நடந்தது, எங்களிடம் வில்வித்தை பழகும் பிள்ளைகள் வில்லையெல்லாம் இழந்து எப்படி நின்றார்கள் என்பது பாலக்கோடு வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. அதைத் திரும்ப எழுத மனசு வரவில்லை. இன்று காலை பிள்ளைகள் புது வில்லில் அம்பு விட்டார்கள். லிம்ப், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற வில்லின் கை, எதிலும் கீறல் இல்லை, எதுவும் முறுக்கிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பரணில் வருடக்கணக்காகக் காய்ந்து கிடந்த கல்மூங்கிலை, கேட்டவுடன் இறக்கிக் கொடுத்த பென்னாகரத்துக் குடும்பத்துக்கு நன்றி. ஒட்டிய பட்டைகளை இறுக்கிச் சுற்றப் பழைய சைக்கிள் ட்யூப்களைச் சாக்கு நிறையத் தந்த கடைக்காரர், பசைக்குப் பணம் போட்ட டீக்கடை நண்பர்கள், ராத்திரி வெளிச்சம் பிடித்த பெற்றோர்கள், புளி நிறுக்கும் தொங்கு தராசை "வேலை முடியிற வரைக்கும் வச்சுக்கப்பா" என்று கொடுத்தனுப்பிய மண்டிக்கார அம்மா, உங்கள் எல்லோரையும் தனித்தனியாகப் பார்த்து நன்றி சொல்ல வருவேன்.

ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தம்பி என்றே எழுதுகிறேன்.

ஓசூரில், கருவிகளும் அச்சுகளும் செய்கிற ஒரு டூல் ரூமில் வேலை. நைட் ஷிப்ட் முடித்து, ராயக்கோட்டை வழியாக ஊருக்குப் போகிற பஸ்ஸில் வந்தவர், எங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு பாலக்கோட்டில் இறங்கியிருக்கிறார். தூக்கம் இல்லாத கண், தோளில் சாப்பாட்டுப் பை. பைக்குள் தடிமனைத் துல்லியமாக அளக்கிற வெர்னியர்.

அப்போது முதல் வில்லைப் பலகையில் மாட்டி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். முழு இழுப்பில் தராசு 12.5 கிலோ காட்டியது. அந்த வில்லுக்குரிய பிள்ளையின் தோளுக்கு 9 கிலோதான் சரி, வில்லாளிகள் கணக்கில் ஏறக்குறைய 20 பவுண்ட். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் தடிமனை வேண்டுமென்றே கூட்டித்தான் வைத்திருந்தோம். இனி எவ்வளவு சுரண்டுவது என்பதுதான் கேள்வி. வேறு மூங்கிலும் இல்லை, நாளும் இல்லை.

தம்பி வில்லைத் தொடுவதற்கு முன்னால் கேட்டார், "அண்ணா, அளந்து எழுதட்டுங்களா?" நான் சரி என்றதும் தரையில் உட்கார்ந்தார். இரண்டு லிம்பிலும் கைப்பிடி ஓரத்திலிருந்து நுனி வரை, இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டிலும் தடிமனை அளந்து, மூங்கில் மேலேயே பென்சிலால் பொடி எழுத்தில் குறித்தார். அவசரமே இல்லை. ஊருக்குப் போகிற இரண்டு பஸ் கண் முன்னாலேயே போனது, அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம் அந்த வில்லுக்குரிய, ஒன்பதாவது படிக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, "பாப்பா, பத்தை மூணு தடவை வச்சுப் பெருக்கினா?" என்றார். ஆயிரம். "ஒன்பதை?" அவள் தரையில் எழுதிப் போட்டு 729 என்றாள். விறைப்பு அகலத்தோடு நேராக ஏறும், தடிமனை இப்படி மூன்று தடவை வைத்துப் பெருக்கிய கணக்கில் ஏறும் என்று விளக்கினார். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு எடுத்தால் இழுவிசை பத்தில் ஒரு பங்குதான் குறையும். தடிமனில் அதே பங்கை எடுத்தால் 27 சதவீதம் போய்விடும். அடியில் 10 மி.மீ. இருந்த லிம்பை 9 ஆக்கி, நுனி வரைக்கும் அதே விகிதத்தில் குறைத்தால் 12.5 கிலோ 9.1 ஆகிவிடும். கணக்கை அவள்தான் போட்டாள். தன் வில் எவ்வளவு இழுக்கும் என்பதை அந்தப் பிள்ளை முதலில் காகிதத்தில் பார்த்தாள்.

அகலத்தைக் குறைத்துவிடலாமா என்று ஒரு அப்பா கேட்டார். வேண்டாம் என்றார் தம்பி. அதே வளைவுக்குத் தடித்த லிம்ப் மேல்தோலில் அதிக இழுப்பையும் உள்பக்கம் அதிக நசுக்கலையும் வாங்கும். நுனி எதிர்ப்பக்கம் வளைந்த ரீகர்வ் வில்லில் அகலம் போனால் லிம்ப் பக்கவாட்டில் புரளவும் பார்க்கும். மூங்கிலின் வெளித்தோல் நாரைத் தொடாமல் உள்பக்கம் மட்டும் சுரண்டுவதும், கணு இருக்கும் இடத்தில் கொஞ்சம் கனம் விடுவதும், கீழ் லிம்பை ஒரு பொடி விறைப்பாக வைப்பதும் எங்களுக்குத் தெரிந்த வேலை. எவ்வளவு என்கிற எண் மட்டும்தான் கையில் இல்லாமல் இருந்தது. 9.3 மி.மீ.-இல் நிறுத்துங்கள், 10 கிலோ காட்டும், நாண் பூட்டிப் பலமுறை பாதி இழுப்பு இழுத்துப் பழக்கிவிட்டு மிச்சத்தை உப்புத்தாளால் எடுங்கள் என்று தம்பி சொல்லிவிட்டு எழுந்தார். தராசு 10-ஐத் தொட்டு நின்றபோது பிள்ளைகள் போட்ட சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஒரு டீ தவிர எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. வெர்னியரை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, மற்ற வில்லையும் நீயே அள என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். அது அவர் சொந்தக் காசில் வாங்கியது என்று பிறகுதான் தெரிந்தது.

தம்பி, நீங்கள் வேலையை எங்களிடமிருந்து வாங்கிச் செய்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அப்படிச் செய்யாமல் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அதற்குத்தான் இந்த மடல். தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களில் வில்லோடு நிற்கும் வீரர்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த வில்லைச் செதுக்கியவர் எதை வைத்துக் கனம் பார்த்திருப்பார் என்று யோசிப்பேன். தகடூர் என்று முன்பு பெயர் பெற்ற இந்தத் தருமபுரி மண்ணில் அந்தக் கைக்கணக்கு எத்தனை பேரோடு போய்விட்டதோ.

எங்கள் கணக்கு அப்படிப் போகக் கூடாது. இனி நாங்கள் செய்யும் ஒவ்வொரு வில்லுக்கும் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தடிமன், சுரண்டுவதற்கு முன்னும் பின்னும் தராசு காட்டிய கிலோ, மூங்கில் எந்த ஊரிலிருந்து வந்தது என்று நோட்டில் ஏறும். முதல் பக்கத்தை அந்தப் பெண் எழுதி முடித்துவிட்டாள். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பிள்ளைகளுக்கு வில் செய்கிறவர்கள் யார் வந்து கேட்டாலும் நோட்டையும் வெர்னியரையும் கொடுப்போம். ஞாயிறு காலையில் மைதானத்துக்கு வாருங்கள்.