டொமினிக்காவுக்குப் போட்டது வேறு தீவின் படம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் டொமினிக்கா தீவு பற்றி வந்த பயணக் கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஆனால் பக்கத்தில் போட்டிருந்த வரைபடம் டொமினிக்கன் குடியரசுடையது. அது ஹைட்டியோடு ஒரே தீவைப் பங்கிட்டுக்கொண்ட, ஸ்பானிஷ் பேசும் பெரிய நாடு. டொமினிக்கா வெகு தூரம் தள்ளி, குவாதலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும் நடுவே இருக்கிற சின்ன மலைத்தீவு. அங்கே ஆங்கிலமும் கிரியோலும் பேசுகிறார்கள். உங்கள் படத்தை நம்பி டிக்கெட் எடுப்பவர் அந்தக் குடியரசின் தலைநகர் சாண்டோ டொமிங்கோவில் போய் இறங்குவார். இறங்க வேண்டியது டக்ளஸ்-சார்ல்ஸ் விமான நிலையத்தில், டிக்கெட்டில் அதன் குறியீடு டி.ஓ.எம். என்று இருக்கும். தயவுசெய்து திருத்தம் போடுங்கள்.

நான் நில அளவைத் துறையில் 34 வருடம் வேலை பார்த்தவன். 2023 ஜூலையில் என் மகனோடு அந்தத் தீவுக்குப் போயிருந்தேன், ரோசோ நகரின் வின்ட்சர் பார்க்கில் இந்தியா ஆடிய டெஸ்ட் பார்க்க. நம்ம அஸ்வின் 12 விக்கெட் எடுத்தார், ஆட்டம் மூன்றே நாளில் முடிந்தது. கையில் இரண்டு நாள் மிச்சம். சரி, எரிமலைச் சூட்டில் தண்ணீர் கொதிக்கிற, ‘கொதிக்கும் ஏரி’ என்றே பெயருள்ள ஏரியைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

உங்கள் கட்டுரையில் அந்த ஏரி ‘ரோசோவிலிருந்து பத்து கிலோமீட்டர்தான், அரை நாள் போதும்’ என்று இருக்கிறது. நாங்களும் செல்போனைப் பார்த்து அப்படித்தான் நினைத்தோம். காலையில் ஏரி, மதியம் எமரால்டு பூல் என்ற அருவிக்குளம் என்றே திட்டம். தீவின் நீளமே 47 கிலோமீட்டர், அகலம் 26. ஆனால் அதற்குள் 1,447 மீட்டர் உயர மலை நிற்கிறது. அந்த ஊரில் கிலோமீட்டரை வைத்து எதையும் கணக்குப் போட முடியாது.

நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மா முதல் நாள் ராத்திரி ஒரு பழைய தாள் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். பிரிட்டிஷ்காரர்கள் அளந்து 1:50,000 அளவில் போட்டது. மடிப்பெல்லாம் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. லௌடா கிராமத்திலிருந்து ஏரிக்குப் போகும் பாதையை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். மோர்ன் நிக்கோல்ஸ் மலைப் பக்கம் வந்ததும் சம உயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை; நெருங்க நெருங்கச் சரிவு செங்குத்து) நெருங்கி நெருங்கி, ஒரே பழுப்புப் பட்டையாகத் தெரிந்தன. கண்ணாடியைக் கழற்றி, தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தும் கோடுகளைப் பிரித்து எண்ண முடியவில்லை. எமரால்டு பூலை அப்போதே விட்டுவிட்டோம்.

மறுநாள் வந்த வழிகாட்டி கிலோமீட்டர் பேச்சே எடுக்கவில்லை. பிரேக்ஃபாஸ்ட் ரிவர் வரை ஒரு மணி நேரம், மோர்ன் நிக்கோல்ஸ் உச்சிக்கு இரண்டு, ஏரிக்கு மூன்றுக்கு மேல், அப்புறம் வந்த வழியே திரும்ப வேண்டும் என்றார். வழி முழுக்க மரத்தை வெட்டிப் படி படியாகப் பதித்திருக்கிறார்கள். மழையில் ஒவ்வொரு படியும் வழுக்குகிறது. உச்சிக்குப் போனபோது மேகம் இறங்கிவிட்டது. அதற்கு மேல் பாழ்நிலப் பள்ளத்தாக்கில் இறங்குவது ஆபத்து என்று அவர் நிறுத்தினார். எதிர்ப்பக்கம் மேகம் ஒரு நிமிடம் விலகி, ஏரியின் நீராவி வெள்ளையாக எழுந்தது தெரிந்தது. அதோடு திரும்பினோம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. ‘அரை நாள் போதும்’ என்ற வரியை நம்பித் தனியாகப் போகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அதனால் மலைத்தீவுக்குப் படம் போடும்போது தூரத்தோடு நடக்கும் நேரத்தையும் போடுங்கள். மேடு பள்ளம் தெரிகிற படமாக இருக்கட்டும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்று ஒரு வரி சேருங்கள். படம் எந்த ஆண்டு அளந்தது என்பதும் முக்கியம்; எங்கள் தொழிலில் முதலில் பார்ப்பதே மூலையில் இருக்கும் ஆண்டைத்தான். 2017 செப்டம்பர் 18-இல் மரியா புயல் அடித்ததில் அங்கே பாலங்களும் பாதைகளும் போயின. தீவின் தெற்கிலிருந்து வடக்கு வரை வளைந்து வளைந்து போகும் 185 கிலோமீட்டர் வைட்டுகுபுலி நடைபாதையும் தப்பவில்லை. அதற்கு முந்தைய படத்தை அப்படியே எடுத்துப் போட்டால் இல்லாத வழியைக் காட்டும்.

அந்த அம்மா தன் படத்தில், புயலில் போன இடங்களையெல்லாம் பென்சிலால் அடித்து, சரியானபின் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தார். அதை அவர் அனுமதியோடு புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறேன். திருத்தம் போடும்போது பயன்படும் என்றால் அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர்,
பாளையங்கோட்டை.