ஒழுகுற எலிமென்ட் கிட், 5 வாரமா அலைச்சல்: கஸ்டமர் சர்வீஸ் மேனேஜர் அவர்களுக்கு ஒரு புகார்

வணக்கம் சார்,

இங்கிலீஷ்ல 7 மெயில் போட்டாச்சு, ஒண்ணுக்கும் உருப்படியா பதில் வரல. உங்க ஓனர் தமிழர்னு ஃப்ரெண்ட் ஒருத்தர் சொன்னதால இந்த தடவை தமிழ்லயே எழுதறேன், தயவு செஞ்சு முழுசா படிங்க. ஆர்டர் நம்பர் பழைய மெயில்லயே இருக்கு.

உங்ககிட்ட வாங்கினது தண்ணி சூடாக்கற அந்த 5500 வாட் எலிமென்ட் கிட், 240 வோல்ட், கெக்ல, அதாவது பீர் அடைச்சு வர்ற ஸ்டீல் பீப்பாய்ல, வெல்டிங் இல்லாம மாட்டற டைப். அதுல எலிமென்ட், அத இறுக்கற லாக்நட், ஒழுகாம அடைக்கற ஓ-ரிங் ரப்பர் வளையம் எல்லாம் வருது. வீட்லயே பீர் காய்ச்சறதுக்காக 15.5 கேலன் ஸ்டெயின்லெஸ் கெக்கை மேல் மூடிய ஆங்கிள் கிரைண்டர்ல வட்டமா வெட்டி எடுத்து, எலிமென்ட்டுக்கு ஒண்ணேகால் இஞ்ச் ஓட்டை போட்டேன். அவசரப்பட்டு ஸ்பீடா ட்ரில் பண்ணா ஸ்டெயின்லெஸ் சூடாகி இறுகிடும், அதுக்கப்புறம் பிட் இறங்கவே இறங்காது, அதனால ஆயில் விட்டு விட்டு மெதுவா ஒரு மதியம் பூரா செஞ்ச வேலை அது. என் பக்கம் ஒரு தப்பும் இல்ல.

தப்பு உங்க நட்டுல. எலிமென்ட்ல இருக்கறது நேர் மரை, என்.பி.எஸ்.எம். நீங்க அனுப்பின லாக்நட் என்.பி.டி, கூம்பு மரை. ரெண்டு சுத்து போனதும் இறுகி நின்னுடுது, ஓ-ரிங் அழுந்தவே இல்ல. எங்கப்பா திருச்சில லேத் பட்டறை வெச்சிருந்தவர் சார், மரை பாத்தே வளந்தவன் நான், கையில எடுத்ததுமே சந்தேகம் வந்துச்சு. பச்சத்தண்ணி ஊத்தி டெஸ்ட் பண்ணப்பவே நட்டுக்கு கீழ ஒரு சொட்டு முத்து மாதிரி ஊறி ஊறி பெருசாகி கெக் வளைவுல வழிஞ்சு இறங்குச்சு. உடனே போன் பண்ணி கேட்டேன். உங்க ஆள் சொன்னது என்ன தெரியுமா, "டெஃப்லான் டேப் இன்னும் நாலு சுத்து சுத்துங்க, சூடானா தானா சீல் ஆயிடும்"னு. நம்பினேன். ஓ-ரிங் அழுந்தாத இடத்துல டேப் என்ன பண்ணும்?

அந்த பேச்ச நம்பித்தான் 22 பவுண்டு மால்ட், முளைகட்டி காய வெச்ச பார்லி, போட்டேன். ஃப்ரெண்டோட 40வது பிறந்தநாளுக்கு 10 கேலன் பேல் ஏல் பீர், நூறு பாட்டிலுக்கு மேல வரும், எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். 152 டிகிரி ஃபாரன்ஹீட் சுடுதண்ணில மால்ட்ட ஒரு மணி நேரம் ஊற வெச்சு, சாறு இறக்கி, கொதி வர்ற நேரம், டப்புனு ஜிஎஃப்சிஐ பிரேக்கர், கரன்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற சுவிட்ச், ட்ரிப். எலிமென்ட் பின்னாடி டப்பாவ கழட்டி பாத்தா உள்ள இனிப்பு தண்ணி, 240 வோல்ட் டெர்மினல் மேல பிசுபிசுன்னு. என் பையனுக்கு 6 வயசு சார், அதே கராஜ்லதான் சைக்கிள் ஓட்டுவான். அந்த பிரேக்கர் 5 மில்லிஆம்ப் கசிஞ்சாலே கட் பண்ணும், அது நான் என் சொந்த காசுல போட்டது, உங்க கிட்ல கெக்கை எர்த் பண்ண ஒரு ஸ்க்ரூ கூட கிடையாது. பிரேக்கர் இல்லாம இருந்திருந்தா இந்த லெட்டர எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அவ்ளோ சாறையும் கொதிக்க வைக்க வீட்ல வேற பாத்திரம் இல்ல, மறுநாள் புளிச்ச வாடை, அத்தனையும் கொட்டினேன்.

இதுக்கப்புறம் உங்க சப்போர்ட்ல பேசின அந்த ஆள் இருக்காரே, அவர மறக்கவே முடியாது. முதல்ல "ப்ளக்க 120 வோல்ட்ல மாட்டிட்டீங்களா"ன்னு கேட்டார். 120ல மாட்டினா பவர் நாலுல ஒரு பங்கு, 1375 வாட்தான் வரும், அதுக்கும் ஒழுகறதுக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம் கேட்டார் பாருங்க, "அந்த கெக் திருடினதா, திருட்டு கெக்குக்கு வாரண்டி கிடையாது"ன்னு. பீர் வாங்கறப்ப கெக்குக்கு டெபாசிட் கட்டினதால அது நமக்கு சொந்தமாயிடாதுன்னு எனக்கும் தெரியும், அதனாலதான் பழைய கெக் வித்த ப்ரூவரிகிட்டயே, அதாவது பீர் தயாரிக்கிற கம்பெனிகிட்டயே, பில்லோட வாங்கினேன். பில் காப்பி அனுப்பறேன்னு சொல்லிட்டு இருக்கறப்பவே போன கட் பண்ணிட்டார். அதுக்கு முன்னாடி, வீட்ல பீர் காய்ச்சறதெல்லாம் சட்டப்படி சரியான்னு வேற ஒரு கேள்வி. அமெரிக்கால 1978லயே சட்டம் போட்டு, ரெண்டு பெரியவங்க இருக்கற வீட்ல வருஷத்துக்கு 200 கேலன் வரைக்கும் சொந்த உபயோகத்துக்கு வரி இல்லாம காய்ச்சலாம்னு சொல்லியாச்சு. இந்த சாமானையே விக்கிற கம்பெனி கேக்கற கேள்வியா இது?

உங்க ஹூஸ்டன் கடைக்கு வந்தத சொல்ல மறந்துட்டேன். "நட்டு மாத்தி வெச்சிருக்கோம், கவுன்டர்ல வந்து வாங்கிக்கோங்க"ன்னு நீங்கதான் சொன்னீங்க. டல்லாஸ்ல இருந்து 240 மைல், போக 4 மணி நேரம் வர 4 மணி நேரம், ஒரு சனிக்கிழமை முழுக்க போச்சு. கவுன்டர்ல இருந்த தம்பி எடுத்து குடுத்தது அதே என்.பி.டி நட்டு. எலிமென்ட்ட கையோட கொண்டு போயிருந்தேன், அவர் கண்ணு முன்னாடியே மாட்டி காமிச்சேன், ரெண்டு சுத்துல நின்னுச்சு. அவரும் பாத்தார். "சூப்பர்வைசர் திங்கக்கிழமைதான் வருவார் அண்ணா"ன்னு சொன்னார், பாவம் அந்த தம்பி மேல கோவம் இல்ல. ஆனா வெறுங்கையோட திரும்பி வண்டி ஓட்டினப்ப வயிறு எரிஞ்சுது.

எனக்கு வேண்டியது இதுதான். கிட் காசு முழுசா ரீஃபண்ட், மால்ட் காசு, பீருக்கு கசப்பு குடுக்கற ஹாப்ஸ் பூ காசு, ஹூஸ்டன் பெட்ரோல் காசு, அந்த சப்போர்ட் ஆள்கிட்ட இருந்து எழுத்துல ஒரு மன்னிப்பு. போன நாளையும் நேரத்தையும் கணக்கு போட்டா 2000 டாலருக்கு குறையாது, அத நான் கேக்கல. இதே நட்டோட கிட் வாங்கின மத்தவங்களுக்கும் இன்னைக்கே சொல்லிடுங்க, அடுத்த வீட்ல அந்த பிரேக்கர் இருக்கணும்னு கட்டாயம் இல்ல.

10 நாள் டைம் தரேன். இல்லன்னா கிரெடிட் கார்டுல டிஸ்ப்யூட் போடுவேன், டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்ல புகார் குடுப்பேன், கரன்ட் விஷயம்ங்கறதால கன்ஸ்யூமர் ப்ராடக்ட் சேஃப்டி கமிஷனுக்கும் போட்டோவோட போகும். அந்த அளவுக்கு போக எனக்கு விருப்பம் இல்ல சார், நம்ம ஊர்க்காரங்க கம்பெனி நல்லா இருக்கணும்னுதான் நினைக்கிறேன். நட்டு, எலிமென்ட், ஈரமான டெர்மினல் போட்டோ, கெக் பில் எல்லாம் இணைச்சிருக்கேன். சாயங்காலம் 6 மணிக்கு மேல கூப்பிடுங்க, ஆனா அந்த ஆள மட்டும் பேச விடாதீங்க.

இப்படிக்கு,
உங்கள் டல்லாஸ் கஸ்டமர்