கிருஷ்ணகிரியின் சுவர்களில் கிருஷ்ணகிரியைக் காணோம்

கிருஷ்ணகிரி நகரத்து வணிகர்களுக்கும், ஓட்டல், திருமண மண்டபம், மருத்துவமனை நடத்துபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் இந்த ஊரில் படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருப்பவன். உங்களில் பலருடைய கல்லாவுக்கு மேலே இருக்கும் லட்சுமி படமும், வரவேற்பறையில் தொங்கும் அருவிப் படமும் என் கடையிலிருந்து வந்தவைதான். ஆகவே உங்கள் சுவர்களில் என்னென்ன இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பனி மூடிய ஐரோப்பிய மலை, அதன் அடிவாரத்தில் ஒரு மர வீடு. ஓடி வரும் ஏழு வெள்ளைக் குதிரைகள். கண்ணுக்கு எட்டிய வரை துலிப் பூக்கள். இவற்றை விற்பதில் எனக்கும் வருமானம் இருக்கிறது. அதையும் சொல்லிவிட்டே பேசுகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. இந்த ஊர்க் காட்சி ஒன்றை, இந்த ஊர் ஓவியர் ஒருவர் வரைந்ததை, உரிய விலை கொடுத்து வாங்கி உங்கள் இடத்தில் மாட்டுங்கள்.

ஓவியர் எங்கே இருக்கிறார் என்று கேட்பீர்கள். என் கடைக்கு வருகிறார்கள், ஐயா. ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் வருகிறார். 2012-இல் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தபோது பள்ளியில் ஓவியம் கற்பிக்கச் சேர்ந்து, இன்றும் அதே பகுதிநேரத்தில் இருப்பவர் வருகிறார். கடைப்பலகை எழுதியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் வருகிறார். ஓவியத்தைப் பட்டப்படிப்பாகப் படிக்க அரசுக் கல்லூரி வேண்டுமென்றால் நம் பிள்ளைகள் சென்னைக்கோ மாமல்லபுரத்துக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டும். அப்படிக் கும்பகோணம் போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்து, இப்போது கிரானைட் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் பெண் ஒருவரும் வருகிறார். நால்வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரைகிறார்கள். வரைந்ததைச் சுருட்டிக் கொண்டுவந்து, சட்டம் போட எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு, பெரும்பாலும் சட்டம் போடாமலேயே எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நால்வரும் தவறாமல் வரைவது, ஊருக்கு மேலே கோட்டையோடு நிற்கும் சையத் பாஷா மலையைத்தான். ஒரே மலையை எத்தனை முறை வரைவது என்று உங்களுக்குத் தோன்றலாம். நால்வர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பலகை எழுதிப் பழகியவரின் மலை ஒரே வீச்சில் இழுத்த கோட்டுக்குள் நிற்கிறது. கோட்டைச் சுவரின் கல் ஒவ்வொன்றும் எண்ணி எடுக்கும்படி இருக்கிறது. ஓவிய ஆசிரியர் வேலை செய்வது நீர்வண்ணத்தில். தாளை முதலில் நனைத்துவிடுவார். வானத்தை மட்டும் பூசிவிட்டு, பாறை இருக்க வேண்டிய இடத்தை வெறும் தாளாகவே விடுவார். தாள் பாதி காய்ந்திருக்கும் நேரம் பார்த்து, காலங்காலமாக மழைநீர் வழிந்து பாறையில் விழுந்திருக்கும் கருந்தடங்களை மேலிருந்து கீழாக நான்கைந்து இழுப்பில் இறக்குவார். மலை எழுந்து நின்றுவிடும். கருங்கல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். காலை ஏழு மணி வெயிலில் அந்தப் பாறை இளஞ்சிவப்பாக இருப்பதையும், மழை விட்ட கையோடு நீலக்கருப்பாக மாறிவிடுவதையும் இவர்கள் படங்கள்தான் எனக்குக் காட்டின. தலை நிமிர்ந்தால் தெரிகிற மலை. நான் நிமிர்ந்ததில்லை.

மலையோடு நின்றுவிடவில்லை. பழையபேட்டையின் ஓட்டு வீடுகள், ஐந்து ரோடு ரவுண்டானாவின் சாயங்கால நெரிசல், வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் வியாபாரி, போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தை, திரௌபதி அம்மன் கோயில் திடலில் விடியற்காலை மூன்று மணிக்கு முகத்து அரிதாரம் வியர்வையில் கரைய நிற்கும் கூத்துக் கலைஞர். மாங்கூழ் தொழிற்சாலை வாசலில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் வரிசையாகக் காத்திருக்கும் படம் ஒன்று இருக்கிறது. அதில் ஓட்டுநர் ஒருவர் லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார். பாதங்கள் மட்டும் நிழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. சீசனில் மாங்காய் விலை இறங்கும்போது விவசாயி என்ன பாடுபடுகிறார் என்பதை அந்த இரண்டு பாதங்களில் பார்க்கலாம். மாம்பழத்தால் வாழும் ஊரில் அந்தப் படத்தை வாங்க ஒரு சுவர் கிடைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

காமராஜர் காலத்தில் கட்டிய நம் கே.ஆர்.பி. அணையின், அதாவது கிருஷ்ணகிரி அணையின், மதகு ஒன்று 2017 நவம்பரில் உடைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 52 அடி அணையில் தேக்கிய தண்ணீர் வெளியேறிக்கொண்டிருந்ததைப் பார்க்க ஊரே திரண்டது. எல்லோரும் செல்போனில் படம் எடுத்தோம். அந்தப் போன்கள் இன்று எங்கே? பலகை எழுதுபவர் அன்று பார்த்துவிட்டு வந்து, மறுவாரம் எனாமலில் ஒட்டுப்பலகை மேல் வரைந்தது அவர் வீட்டுச் சுவரில் அப்படியே இருக்கிறது. இன்னொரு படத்தில் அவர் வரைந்திருக்கும் குன்று இப்போது நிலத்தில் இல்லை. கல்லாக அறுக்கப்பட்டுப் போய்விட்டது. கல் தொழில் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனையோ குடும்பங்கள் அதில் சாப்பிடுகின்றன. அந்தக் குன்று எப்படி இருந்தது என்று நாளை ஒரு குழந்தை கேட்டால் காட்டுவதற்கு அந்தப் பலகை ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்கிறேன்.

ராயக்கோட்டை சாலையில் புளியமரத்தடியில் அந்தக் கும்பகோணத்துப் பெண் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "ரோட்டை அகலப்படுத்த அளக்க வந்திருக்கிறாயா அம்மா, எங்கள் வீடு போய்விடுமா?" என்று கேட்டாராம். ஊரை ஒருவர் உற்றுப் பார்த்தால் அது இடிக்கத்தான் இருக்கும் என்று நம் மக்கள் பழகிப்போயிருக்கிறார்கள். பிடித்துப்போய்ப் பார்ப்பவர்களும் உண்டு என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் போய்வரும் ஓட்டலிலோ, மருந்து வாங்கும் இடத்திலோ அந்தப் புளியமரம் படமாகத் தொங்கினால் தெரியும்.

இந்த மண்ணைப் பிடித்துப்போய் வரைவது நேற்று வந்த பழக்கமன்று. பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறையின் மேல் குதிரை வீரர்களை வெள்ளை வண்ணத்தில் யாரோ தீட்டி வைத்துப் போயிருக்கிறார்கள். மகாராஜகடையிலும் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. 1792-இல், மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறிய அதே ஆண்டு, தாமஸ் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் இந்த வழியாக வந்தார்கள். ராயக்கோட்டையையும் ஜெகதேவியின் மலைக்கோட்டையையும் வரைந்து, பின்னர் லண்டனில் வண்ண அச்சுப்படங்களாக வெளியிட்டார்கள். கடந்து போன வழிப்போக்கர்களுக்கே இந்தக் குன்றுகள் வரையத் தகுந்தவையாகப் பட்டன. அந்த அச்சுப்படங்களை இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் காப்பாற்றுகின்றன. ஆயுள் முழுக்க இங்கேயே இருந்து வரைபவரின் தாள்கள் பரணில் கரையான் அரித்துக் கிடக்கின்றன.

இதை அரசாங்கத்திடம் கேட்காமல் உங்களிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஊர் ஓவியர்களை வளர்த்தவர்கள் நீங்கள்தான். கோயில் விதானத்தில் வரைய வைக்க ஒரு காலத்தில் அரசர் இருந்தார். தர்மபுரி பக்கம் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் அந்த வேலையை இன்றும் அண்ணாந்து பார்க்கலாம். நமக்குத் தெரிந்த காலத்தில் அந்த இடத்தில் இருந்தது கடைவீதி. உங்கள் அப்பாக்கள் கடை திறந்தபோது முதலில் கூப்பிட்டது பலகை எழுதுபவரைத்தான். நூலில் சுண்ணப்பொடி தடவி, இருபுறமும் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் பலகையில் நேர்கோடு விழும். அதன்மேல் எழுத்து, எழுத்துக்கு நிழல், மூலையில் ஒரு மாம்பழமோ சைக்கிளோ. பலகை, ஷட்டர், சுவர் விளம்பரம், லாரியின் பின்பக்கம் என்று வருடம் முழுவதும் வேலை இருந்தது. அந்த வருமானத்தில்தான் அவர்கள் ஓய்வு நேரத்தில் மலையை வரைந்தார்கள். பிளெக்ஸ் வந்தது, பலகை போயிற்று. யாரையும் குறை சொல்லவில்லை. மலிவாகவும் விரைவாகவும் கிடைப்பதைத்தான் தொழில் செய்பவர் வாங்குவார். உள்ளே இருக்கும் சுவருக்கு அந்த அவசரம் இல்லையே.

விலையைப் பேசிவிடுவோம். பதினைந்துக்கு இருபத்திரண்டு அங்குலத்தில் நல்ல பருத்தித் தாளில் வரைந்த ஒரு நீர்வண்ணப் படத்துக்கு ஆசிரியர் 6,000 ரூபாய் சொல்கிறார். மூன்று நாள் வேலை, தாளும் வண்ணமும் அவர் கைக்காசு. மண்டபத்தில் ஒரு வரவேற்புக்குச் செய்யும் பூ அலங்காரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "உங்களுக்கு விளம்பரம் கிடைக்குமே, சும்மா வரைந்து கொடுங்கள்" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். ஓவியரை அதைவிடப் புண்படுத்தும் சொல் கிடையாது. சொல்லி வரைய வைத்தால் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள். இன்ன இடம் வேண்டும் என்று சொல்லுங்கள், எப்படி வரைய வேண்டும் என்பதை அவரிடம் விடுங்கள். படத்தின் கீழே அவர் பெயரும் ஊரும் தெரியும்படி ஒரு சீட்டு ஒட்டுங்கள். நீர்வண்ணத்தை மேற்கு வெயில் விழும் சுவரில் மாட்டினால் சில வருடங்களில் வெளுத்துவிடும்; அடுப்புப் புகையும் ஆகாது. சமையலறைப் பக்கச் சுவராக இருந்தால் எனாமல் படம் வாங்குங்கள், துடைத்துக்கொள்ளலாம். சட்டம் போடும் கூலியை இந்த ஊர் ஓவியர்களின் படங்களுக்கு நான் வாங்கப்போவதில்லை. மரத்துக்கும் கண்ணாடிக்கும் ஆகும் செலவைக் கொடுத்தால் போதும்.

நாட்காட்டி பற்றியும் ஒரு வார்த்தை. பொங்கலுக்கு நீங்கள் கொடுக்கும் மாத நாட்காட்டி ஒவ்வொரு வீட்டிலும் வருடம் முழுவதும் தொங்குகிறது. அதைவிடப் பெரிய கண்காட்சிக் கூடம் இந்த ஊரில் எவராலும் கட்ட முடியாது. தை மாதத்துக்கு எருது விடும் விழா, வைகாசிக்கு மாங்காய் லாரிகள், ஐப்பசிக்கு நிரம்பி நிற்கும் அணை என்று நம் ஓவியர்களின் படங்களைப் போடலாம். உரிமை விஷயத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வரைந்து வைத்திருந்த படத்தை வாங்கினால் படம்தான் உங்களுடையது, அச்சடிக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கிறது. நீங்கள் பணம் கொடுத்து வரைய வைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை உங்களுக்கு வந்துவிடும். அப்படி வந்தாலும், ஒவ்வொரு முறை அச்சடிக்கும்போதும் அவருக்கு ஒரு தொகை கொடுப்பது என்று எழுதிக்கொண்டால் நியாயமாக இருக்கும்.

சிவகாசியில் புது வருட நாட்காட்டி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்று வெளியாகும். முகவர் அதை உங்கள் மேசைக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் ஒருநாள் கடைக்கு வாருங்கள். நால்வருடைய படங்களையும் வாங்கி வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் நேராக அவர்களிடமே விலை பேசிக்கொள்ளுங்கள். நடுவில் எனக்குத் தரகு வேண்டாம்.

இப்படிக்கு,
பழையபேட்டையில் படச் சட்டம் போடும் கடைக்காரன்