இ.சி.எம். மாற்றும் முன் வயரிங்கைச் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று பணிமனைக்குக் கொண்டுபோனால், பழுதுக் குறியீடுகளைக் காட்டும் ஸ்கேனரைப் பொருத்திய சிறிது நேரத்திலேயே ‘இ.சி.எம். போய்விட்டது’ என்று முடிவு கட்டும் போக்கு கவலை தருகிறது. எரிபொருளையும் தீப்பொறியையும் கட்டுப்படுத்தும் அந்த மின்னணுப் பெட்டியின் விலை, நடுத்தரக் குடும்பம் எளிதில் தாங்கக் கூடியதன்று.

ஸ்கேனர் காட்டும் குறியீடு சோதனையின் தொடக்கமே தவிர முடிவல்ல. ‘யு 0100’ என்பது இ.சி.எம்.முடன் தொடர்பு அறுந்ததைத்தான் தெரிவிக்கிறது. ஃபியூஸ், ரிலே, எர்த், காரின் மின்னணுப் பெட்டிகளுக்கு இடையே தகவல் கடத்தும் ‘கேன்’ கம்பிகள் ஆகிய எதில் குறை இருந்தாலும் அது வரும். ‘கேன்’ கம்பிகளைச் சோதிக்க, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் பொருத்தும் 16 முனை சாக்கெட்டின் 6, 14 ஆம் முனைகளுக்கு இடையே அளந்தால் பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 60 ஓம் இருக்க வேண்டும். 120 காட்டினால் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. சென்சார்களுக்குச் செல்லும் 5 வோல்ட் மின்சாரமும் இப்படித்தான்: ஒரே ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலும் அதே இணைப்பிலுள்ள மற்றவையும் செயலிழந்து, பல குறியீடுகள் ஒன்றாகத் தோன்றி, பெட்டியே பழுது என்று நம்ப வைத்துவிடும். சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அதுதான் குற்றவாளி. எர்த் இணைப்பை மட்டும், மின்சாரம் பாயும்போது ஏற்படும் வோல்ட் இழப்பைக் கொண்டு சோதிக்க வேண்டும். வெறுமனே ஓம் பார்த்தால் ஏமாந்துபோவோம். இவற்றுக்கெல்லாம் ஒரு மல்டிமீட்டர் போதும்.

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் நீரில் மூழ்கிய கார்களைப் போன்றவற்றில் பெட்டியே கெட்டிருக்கவும் கூடும். ஆனால் அங்கும் கனெக்டரில் படிந்த களிம்பை முதலில் பார்ப்பதே முறை. பழைய பெட்டி வாங்கிப் பொருத்துவோர், இம்மொபிலைசர் (உரிய சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு அமைப்பு) உள்ள கார்களில் அதைச் சாவியுடன் இணைத்துப் பதிவு செய்யாவிட்டால் எஞ்சின் ஓடாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் மாசுக் கட்டுப்பாட்டு உத்தரவாதத்தின்கீழ் இந்தப் பெட்டிக்கு 8 ஆண்டு அல்லது 80,000 மைல் பாதுகாப்பு உண்டு. இங்கும் அத்தகைய உத்தரவாதம் வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் தொடங்கிய பழுதுபார்ப்பு உரிமை இணையதளத்தில் வாகனத் துறையும் இடம்பெற்றுள்ள நிலையில், வயரிங் வரைபடங்களைத் தனியார் மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்யுமாறு உற்பத்தியாளர்களை அரசு வலியுறுத்த வேண்டும். இ.சி.எம். மாற்றப் பரிந்துரைக்கும் பணிமனை, மேற்சொன்ன அளவீடுகளை எழுத்தில் தந்து, கழற்றிய பெட்டியையும் உரிமையாளரிடம் ஒப்படைப்பதைக் கட்டாயமாக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கார் மின்பணியாளர் ஒருவர்,
சென்னை.