போரையும் சமாதானத்தையும் படிக்க ஓர் இடம் கொடுங்கள்

மலேசிய இந்திய மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், நேர்காணல் குழுக்களில் அமரும் பெரியவர்களுக்கும்,

வணக்கம். பினாங்கில் அனைத்துலக உறவுகளும் மோதல் ஆய்வும் கற்பிக்கும் விரிவுரையாளர் நான். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். ஆண்டுதோறும் நீங்கள் தரும் உதவித்தொகைகளில் ஒன்றே ஒன்றை, போர், சமாதானப் பேச்சு, அகதிகள், வெளியுறவு ஆகியவற்றில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்க விரும்பும் ஒருவருக்கு ஒதுக்குங்கள். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஒன்று போதும்.

உங்களில் சிலரிடம் இதை நேரில் சொல்லியிருக்கிறேன். "பார்க்கலாம் டாக்டர்" என்று சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள். முறுக்கு நன்றாகத்தான் இருந்தது. பதில்தான் வரவில்லை. அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என்னிடம் படித்த ஒரு மாணவி, தோட்டப்புறத்திலிருந்து வந்தவள், இளங்கலையை நல்ல புள்ளிகளுடன் முடித்தாள். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் இலங்கைத் தமிழ் அகதிக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை எப்படிப் படிக்க வைக்கின்றன என்று முதுகலையில் ஆய்வு செய்ய விரும்பினாள். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. அதனால் இங்கே சட்டத்தின் பார்வையில் அகதி என்று ஒருவர் கிடையாது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை கையில் இருந்தாலும் பிள்ளையை அரசாங்கப் பள்ளியில் சேர்க்க முடியாது. சமூக அமைப்புகள் நடத்தும் கல்வி மையங்கள்தான் வழி. இந்த விஷயத்தை வெளிநாட்டு ஆய்வாளர்களும் ஆராயலாம், ஆனால் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரோடுதான் வருவார்கள். அந்த மொழிபெயர்ப்பாளர் அதே அடுக்குமாடியில் குடியிருப்பவர் என்றால், ஒரு தாய் எதைச் சொல்வாள், எதை விழுங்கிக்கொள்வாள்? என் மாணவிக்கு அந்தத் தடை இல்லை. அவள் நேராகத் தமிழில் பேசுவாள், அந்தத் தாயும் தமிழிலேயே பதில் சொல்லுவார்.

ஓர் அமைப்பின் நேர்காணலுக்குப் போனாள். பெயர் வேண்டாம், இது பல இடங்களில் நடப்பதுதான். "இதைப் படிச்சா என்னம்மா வேலை கிடைக்கும்?" என்று கேட்டார்களாம். "அரசியலுக்குப் போகப் போறியா?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம். கடைசியில் ஒரு பெரியவர் அக்கறையோடு, "போலீஸ் பிரச்சினை ஒண்ணும் வராதே?" என்றாராம். இரண்டு வரியில் மறுப்புக் கடிதம் வந்தது. இப்போது பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆய்வை அவளுக்குப் பதிலாக இதுவரை வேறு யாரும் செய்யவில்லை.

வேலையைப் பற்றிய கேள்வி நியாயமானது. ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறேன். இந்தப் படிப்பை முடித்தவர்கள் நிர்வாக, அரசதந்திரச் சேவைத் தேர்வு எழுதி வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவுக்குப் போகலாம். கோலாலம்பூரில் ஐ.நா. அமைப்புகளும் செஞ்சிலுவைச் சங்கத்தின் அலுவலகமும் இருக்கின்றன. 1983-இல் தொடங்கப்பட்ட, வெளியுறவும் பாதுகாப்பும் ஆராயும் ஐசிஸ் மலேசியா போன்ற ஆய்வுக் கழகங்கள் உண்டு. எந்த நாட்டில் முதலீடு பத்திரமாக இருக்கும் என்று கணித்துச் சொல்ல வங்கிகளும் ஆள் தேடுகின்றன. அப்புறம், என்னைப்போல் விரிவுரையாளர் ஆகலாம். ஆனால் அது சுலபமில்லை. முனைவர் பட்டத்துக்கே நான்கைந்து வருடம் ஓடிவிடும். அதன் பிறகும் பலர் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்த வேலையில் இருப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் இத்தனை கட்டுரை, அதுவும் தரவரிசையில் இருக்கும் ஆய்விதழில், என்று இலக்கு வைத்திருப்பார்கள். கிராமங்களில் மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டிய ஆய்வுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. சம்பளமும் சிறப்பு மருத்துவரின் சம்பளத்துக்குப் பக்கத்தில் வராது.

இப்படியெல்லாம் இருப்பதால்தான் உதவித்தொகை வேண்டும் என்கிறேன். நிச்சயமாகச் சம்பாதித்துத் தரும் படிப்பு என்றால் வங்கியே கடன் கொடுத்துவிடும். சமூகத்தின் பணம் போக வேண்டியது, வங்கி கொடுக்காத இடத்துக்கு அல்லவா? இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மருத்துவம் படித்தால் வேலை உறுதி என்ற காலம் போய்விட்டது. 2021 ஜூலை 26-ஆம் தேதி, நிரந்தர வேலை கேட்டு ஒப்பந்த மருத்துவர்கள் மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றதை நாம் எல்லாருமே பார்த்தோம்.

அரசியலுக்குப் போவதற்கு இந்தப் படிப்பு தேவையில்லை. சுற்றிப் பாருங்கள், தெரியும்.

இது நமக்குப் பழக்கமில்லாத துறை என்ற எண்ணம் உங்களில் பலருக்கு இருக்கிறது. வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனில் குண்டு போட்ட பிறகு, ஆங்கிலேயர்கள் ஐரோப்பியர்களை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு தீவை விட்டுப் போனார்கள். மற்ற மக்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போது கோட்டையில் பறந்த ஆங்கிலேயக் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியவர் மாணிக்கசோதி சரவணமுத்து, 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர், யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்தவர். இங்கே ஆங்கிலேயர் யாரும் இல்லை, குண்டு போடாதீர்கள் என்று ஜப்பானியருக்குத் தெரிவிப்பதுதான் நோக்கம். எந்த அரசும் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. ஊரில் எஞ்சிய மக்களைக் கூட்டி ஒரு சேவைக் குழு அமைத்து, அந்தச் சில நாட்களை நடத்தினார்கள். அவருடைய மகன் ஜோஹன் சரவணமுத்து பிற்காலத்தில் இதே பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானப் பேராசிரியராக இருந்து, மலேசியாவின் வெளியுறவுக் கொள்கையைத் தொடர்ந்து ஆராய்ந்தார்.

இராதாகிருஷ்ண ரமணியை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்திய வம்சாவளி வழக்கறிஞர். இந்தோனேசியாவோடு மோதல் உச்சத்தில் இருந்தபோது ஐ.நா.வில் மலேசியாவின் நிரந்தரப் பிரதிநிதி. 1965-இல் மலேசியாவுக்குப் பாதுகாப்பு மன்றத்தில் இடம் கிடைத்ததைப் பொறுக்காமல்தான் அதிபர் சுகார்னோ இந்தோனேசியாவை ஐ.நா.விலிருந்தே வெளியேற்றினார். அந்த ஆண்டு மே மாதம் மன்றத்துக்குத் தலைமை வகித்தவர் ரமணி. டொமினிக்கன் குடியரசில் அமெரிக்கப் படை இறங்கியிருந்த நேரம் அது. வல்லரசுகள் ஒன்றையொன்று குற்றம் சாட்டிக்கொண்டிருந்த மேசையின் தலைமாட்டில், பிறந்து இரண்டு வயதுகூட ஆகாத ஒரு நாட்டின் சார்பில் நம்மவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நம் பள்ளிகளில் பேச்சுப் போட்டிக்கு எத்தனையோ தலைப்புகள் தருகிறோம். அவர் பெயரை ஒரு மேடையிலாவது கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இன்றைய நிலைக்கு வருகிறேன். பினாங்குக்காரர்கள் விடுமுறை கிடைத்தால் தாய்லாந்தின் ஹட்யாய்க்குப் போகிறோம். அங்கிருந்து கிழக்கே சில மணி நேரத்தில் பட்டாணி, யாலா, நராத்திவாட் மாநிலங்கள். 2004-லிருந்து அங்கே 7,000-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். தாய்லாந்து அரசும் பி.ஆர்.என். என்ற கிளர்ச்சி அமைப்பும் வெளிப்படையாகப் பேச்சுவார்த்தைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட ஊர் கோலாலம்பூர். நாள் 2013 பிப்ரவரி 28. இரு தரப்பையும் பேச வைத்த அனுசரணையாளர் மலேசியா. பிலிப்பீன்சின் மிண்டனாவோவில் மோரோ போராளிகளோடு நடந்த பேச்சுக்கும் மலேசியாதான் அனுசரணை செய்தது. 2001-இல் தொடங்கி, 2014 மார்ச் 27-இல் விரிவான ஒப்பந்தம் ஆகும்வரை நடுவில் எத்தனை முறிவுகள்! போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க 2004-லிருந்து மலேசியா தலைமையில் ஒரு குழு அங்கேயே தங்கியிருந்தது.

என் வகுப்பில் இந்தப் பேச்சுவார்த்தைகளை மாணவர்களைக் கொண்டே நடத்திப் பார்ப்பேன். ஒரு குழு அரசு, ஒரு குழு கிளர்ச்சியாளர், ஒரு குழு அனுசரணையாளர். முதலில் எல்லாரும் அனுசரணையாளராக இருக்கத்தான் கை தூக்குவார்கள். டீ கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் வேலை என்று நினைப்பு. ஒரு மணி நேரத்தில் முகம் வாடிவிடும். இரண்டு பக்கமும் அவர்களைத்தான் சந்தேகப்படும். யாரை மேசைக்கு அழைப்பது, யாரை விடுவது, பத்திரிகைக்கு என்ன சொல்வது, சொன்னால் எந்தப் பக்கம் எழுந்து போகும், எல்லாம் அவர்கள் தலையில்தான். கற்றுக்கொண்டால்தான் வரும் வேலை அது.

கடந்த ஆண்டையே பாருங்கள். 2025 ஜூலை 24-இல் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் மோதிக்கொண்டன. நான்கே நாளில், 28-ஆம் தேதி, புத்ராஜெயாவில் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அந்தக் கைகுலுக்கல் படம் நம் எல்லாருடைய வாட்ஸ்அப்பிலும் வந்தது. அக்டோபர் 26-இல் கோலாலம்பூரில் அமெரிக்க அதிபரை வைத்துக்கொண்டு மறுபடி ஒரு கையெழுத்து. டிசம்பரில் மீண்டும் சண்டை. கைகுலுக்கலைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர், அது ஏன் நிற்கவில்லை என்று கேட்டோம்? எல்லைக்கோடு யார் வரைந்த வரைபடத்தின்படி, கண்ணிவெடியை யார் புதைத்தது, கண்காணிப்பாளர்களுக்கு என்ன அதிகாரம் கொடுக்கப்பட்டது, இந்தக் கேள்விகளைப் போட்டுக் குடைவதுதான் எங்கள் தொழில்.

இனி, போலீஸ் பிரச்சினை வராதே என்று கேட்ட அந்தப் பெரியவரின் கேள்வி. அவர் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி, சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் உட்படப் பன்னிரண்டு பேர் சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் கைதானார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். ஆனாலும் நான்கு மாதம் அந்தக் குடும்பங்கள் பட்டது பட்டதுதான். அதற்குப் பிறகு ஈழம் என்ற வார்த்தை வந்தாலே குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஆய்வு வேறு, ஆதரவு வேறு. களத்துக்குப் போவதற்கு முன் மாணவர் தன் கேள்விகளைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழுவிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். பேசுகிறவர்களின் சம்மதம் வேண்டும். குறிப்பேட்டில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, குறியீட்டு எண் மட்டும்தான். யார் செய்தது சரி என்று தீர்ப்பு எழுதுவதல்ல வேலை. என்ன நடந்தது, ஏன் நடந்தது, வேறு எப்படி நடந்திருக்கலாம் என்று ஆதாரத்தோடு காட்டுவது. தன் பக்கத்துக்குப் பிடிக்காத ஆதாரம் கிடைத்தாலும் அதையும் எழுத வேண்டும். ஒழுங்காகப் பயிற்சி பெற்ற ஆய்வாளரைக் காட்டிலும், அரைகுறையாகக் கேள்விப்பட்டதை முகநூலில் கொட்டுகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்பது என் அனுபவம்.

ஈழத்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மே மாதமும் நாம் கூடுகிறோம், விளக்கேற்றுகிறோம், பேசுகிறோம். அது வேண்டியதுதான். ஆனால் இலங்கை அரசும் புலிகளும் 2002 பிப்ரவரியில் கையெழுத்திட்ட போர்நிறுத்தம், அந்த செப்டம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப்பில் தொடங்கிய பேச்சு, எல்லாம் ஏன் முறிந்து 2009-இல் போய் முடிந்தது? அனுசரணை செய்த நார்வே, தன் முயற்சி ஏன் தோற்றது என்று ஆய்வாளர்களை வைத்து மதிப்பிட்டு, 2011-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. தோல்வியைத் தன் செலவில் ஆராய்ந்த நாடு அது. மோதல்களில் அனுசரணை செய்த அனுபவமுள்ள மலேசியாவில் இருந்துகொண்டு, தமிழ் தெரிந்த நாம் இந்த விஷயத்தில் எத்தனை ஆய்வேடு எழுதியிருக்கிறோம்? எனக்குத் தெரிந்தவரை மிகக் குறைவு. கண்ணீர் நம்மிடம் இருக்கிறது, ஆவணங்களை நார்வேக்காரர்களும் ஆங்கிலேயர்களும் படிக்கிறார்கள்.

சரி, என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஓர் இடம் முதுகலை மட்டத்தில் தொடங்கட்டும். இரண்டு ஆண்டுக் கட்டணத்தோடு களப்பயணச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். அது இல்லாமல் கொடுத்தால் மாணவர் நூலகத்திலேயே உட்கார்ந்து எழுதிவிடுவார். தாய்லாந்து மொழி, பர்மியம், அரபு, இவற்றில் ஏதாவது ஒரு மொழி கற்க ஒரு தொகை தனியாக வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் ஏற்கெனவே தெரியும், நான்காவது மொழி சீக்கிரம் வரும். நேர்காணல் குழுவில் சமூக அறிவியல் படித்த ஒருவர் இருக்கட்டும். பணத்தைத் திருப்பிக் கேட்பதற்குப் பதிலாக ஒரு நிபந்தனை போடுங்கள்: ஆய்வு முடிந்ததும் அதன் சாரத்தைத் தமிழில் எழுதி நம் நாளிதழ் ஒன்றில் வெளியிட வேண்டும், இரண்டு இடைநிலைப்பள்ளிகளில் தமிழில் பேச வேண்டும். எஸ்.பி.எம். தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு படிப்பு இருப்பதே அப்போதுதான் தெரியும்.

தேர்வுக்குழுவில் உட்கார நான் ஆயத்தம். சனிக்கிழமை என்றால் கோலாலம்பூருக்கும் வருவேன், பயணப்படி வேண்டாம். என் மாணவர்கள் விண்ணப்பித்தால் அன்றைக்கு விலகிக்கொள்கிறேன், அதில் சந்தேகம் வேண்டாம். அடுத்த கல்வியாண்டு அக்டோபர் வாக்கில் தொடங்கும், முதுகலைப் பதிவுக்கு ஆகஸ்டுக்குள் உதவிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். ஜூன் மாத இறுதிக்குள் உங்களில் ஓர் அமைப்பு சம்மதம் சொன்னாலும், இந்த ஆண்டே ஒருவரைச் சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
அனைத்துலக உறவுகள் விரிவுரையாளர் ஒருவர்,
பினாங்கு