தம்பிக்கு, போன்ல பேச முடியாதத எழுதுறேன்

யய்யா தம்பி, நல்லாருக்கியா. இங்க எல்லாரும் சுகம், வாடை ஆரம்பிச்சிருச்சு, கடலுக்குப் போற டோக்கன் நிறுத்திட்டாங்க, அண்ணன் வீட்ல கெடந்து கிழிஞ்ச வலைய தைக்கிறான். நீ வேளைக்கு சாப்பிடு.

மருமக என்ட்ட ஒண்ணும் சொல்லல, அவள திட்டாத. ஆடிக்கு வந்தப்ப நானே பாத்தேன், குக்கர் விசிலுக்கு டம்ளர போட்டுட்டு வாசல் வரைக்கும் ஓடுன, அப்பறம் செருப்ப தேடுற மாதிரி நின்ன. காலம்பூரா ஊசி போட்ட நர்சுகிட்டயா மறைக்கிற?

உங்க தாத்தா 1964 டிசம்பர்ல தனுஷ்கோடி புயல்ல தப்பிச்ச மனுசன். ரேடியோல புயல் சின்னம்னு சொன்னா போதும், படுக்க மாட்டாரு, செவத்துல சாஞ்சு உக்காந்தே விடிய வைப்பாரு. காத்து கருப்புன்னு மந்திரிச்சு கயிறு கட்டுனாங்க. பெரிய ஆபத்துல தப்பிச்சவங்கள அந்தப் பயம் அப்பறமும் விடாம தொரத்துற நோய்க்கு பிடிஎஸ்டிங்கிற பேரே 1980லதான் அமெரிக்க டாக்டருங்க புஸ்தகத்துல ஏறுச்சு, அவருக்கு யாரு என்ன சொல்றது.

அதான் நம்ம ரத்தத்துலயே வருதோன்னு பயந்துபோயி எங்க பழைய டாக்டரம்மாட்ட கேட்டேன். வியட்நாம் போருக்குப் போன காலத்து அமெரிக்க பட்டாளத்துக்காரங்கள்ல ரெட்டைப் பிள்ளைங்களா எடுத்து ஆராய்ஞ்சு 1993ல எழுதியிருக்காங்களாம், ஒருத்தருக்கு அறிகுறி கூட, ஒருத்தருக்கு கொறச்சல்னு இருக்குற வித்தியாசத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு வரைக்கும்தான் ஜீன். அதுவும் ஒரே ஜீன் இல்ல, 2024ல வந்த பெரிய ஆய்வுல 95 இடம் காட்டுதாம், ஒவ்வொண்ணும் துளித்துளி. எஃப்கேபிபி5ன்னு ஒரு ஜீன், பயத்துல ஊறுற கார்டிசாலுங்கிற ஹார்மோன் அடங்குறதுல அதுக்கு பங்கு இருக்காம். அதுல சில வகை இருந்து, சின்ன வயசுல கொடுமையும் பட்டவங்களுக்குத்தான் பெருசானப்ப அறிகுறி கூடுச்சுன்னாங்க. அதக் கேட்டதும் உங்கப்பா ஞாபகம் வந்துச்சு, அத இப்ப பேச வேணாம்.

கடல்ல போட்டு கவுந்த அந்த ராத்திரி ஒரே பலகையப் புடிச்சுத்தான் அண்ணனும் நீயும் விடியிறவரைக்கும் கெடந்தீங்க. அவன் அடுத்த சீசனே கடலுக்குப் போயிட்டான், நீ ஊரையே விட்டுட்ட. சித்தப்பா கேலி பண்ணது எனக்கும் தெரியும். அவனுக்கு தைரியம், ஒனக்கு இல்லன்னு எவனாச்சும் சொன்னா நம்பாத, பத்தாவதுல ஸ்கூல் பர்ஸ்ட் வந்த பிள்ள நீ. அதுக்கு மேல போட்டுக் கடன், அப்பா ஆஸ்பத்திரி செலவுன்னு எல்லாத்தையும் நீதான தாங்குன, ஒரு பயம் அடங்குறதுக்குள்ள இன்னொண்ணு ஏறுனா ஒடம்பு என்ன பண்ணும், கரைக்கு வந்தும் எஞ்சின ஆஃப் பண்ணாத போட்டு மாதிரி ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

ஜீன்ல இருந்தாலும் வைத்தியம் கேக்கும்யா. அந்த நெனப்ப கொஞ்சங்கொஞ்சமா பேசவச்சே சரிபண்ற சிகிச்சை இருக்கு, செர்ட்ரலின் மாதிரி மாத்திரையும் இருக்கு. குடிச்சா தூக்கம் வரும்னு எவனும் சொன்னா கேக்காத. டாக்டர்ட்ட போ. மொதல்ல 14416க்கு அடி, டெலி மானஸ்னு மனநலத்துக்கான உதவி போன், அரசாங்கத்தோடது, காசு இல்ல, தமிழ்லயே பேசுவாங்க. வேளைக்கு சாப்பிடு, டாக்டர்ட்ட போ.

ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவேன், எடு. அந்த ராத்திரியப் பத்தி ஒண்ணும் கேக்க மாட்டேன், எந்தத் தேதிக்கு டாக்டர பாக்கப் போறன்னு மட்டும் சொல்லு.

அம்மா